இருபத்திரண்டு நிமிட மௌனம்

இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்க வந்த ஒன்றியச் செயலாளர் கண்ணப்பன் தூங்கிவிட்டார். உட்கார்ந்து தூங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை. மௌன அஞ்சலியில், நடு மேடையில், நின்றுகொண்டே தூங்கினார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. விடிந்ததும் ஒரகடத்தில் தொழிற்சாலை வாசல் கூட்டம். அங்கிருந்து குன்றத்தூரில் கல்யாணம், பிறகு ஒரு காதுகுத்து. நடுவில் ஹாஸ்டலுக்குத் தண்ணீர் லாரி வரவில்லை என்று மறியல். மாதக்கணக்கில் இதே கூத்துதான். போன வாரம் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவில் மைக்கைப் பிடித்து, 'குடும்பத்தாருக்கு ஆழ்ந்த இரங்கல்' என்று சொல்லிவிட்டார். பெண்ணின் தாய்மாமன் கையில் சிக்காமல் தப்பியது அவர் செய்த புண்ணியம்.

ரெண்டு நாள் ஓய்வெடுங்கள் என்று யாராவது சொன்னால், "தேர்தல் முடியட்டும்பா" என்பார். எந்தத் தேர்தல் என்று சொல்லமாட்டார்.

படப்பைக் கல்யாண மண்டபத்தில் சர்வகட்சி இரங்கல் கூட்டம். போய்ச்சேர்ந்தவர் கார்முகில் ஐயா. தொண்ணூற்றொரு வயது. எல்லாக் கட்சிக்காரர்களையும் பாரபட்சமில்லாமல் திட்டியவர் என்பதால் எல்லாக் கட்சிக்கும் வேண்டியவர்.

முன்வரிசையில் கண்ணப்பனின் கட்சி மேலிடப் பார்வையாளர் உட்கார்ந்திருந்தார். சேர்மன் சீட்டை யாருக்குக் கொடுக்கலாம் என்று எழுதிக்கொண்டுபோக வந்தவர். அந்தச் சீட்டுக்குத்தான் கண்ணப்பன் இருபது வருடமாக நாயாய் அலைகிறார்.

"இரண்டு நிமிடம் மௌனம் காப்போம்" என்று சொல்லித் தலை குனிந்தார். அதுவரைதான் அவருக்கு நினைவிருக்கிறது.

தலைமை தாங்குகிறவர் 'அமரலாம்' என்று சொல்லாமல் யாரும் உட்காரக் கூடாது. மற்ற எதில் சண்டை போட்டாலும், இதில் எல்லாக் கட்சியும் ஒன்று.

வெளியே ஒரு கம்பெனி பஸ் நீளமாக ஹாரன் அடித்தது. கண்ணப்பன் திடுக்கிட்டுக் கண் விழித்தார். மண்டபம், மாலை, எதிரே இருநூறு பேர். கை தானாகக் கும்பிட்டது. வாய் தானாகத் திறந்தது.

"மணமக்கள் பல்லாண்டு வாழ்க!"

அப்போதுதான் கார்முகில் ஐயாவின் படம் அவர் கண்ணில் பட்டது. போச்சு, சீட்டு போச்சு.

அவர் தோளைப் பிடித்திருந்த ஒரு கை சட்டென்று மைக்கைப் பிடுங்கியது. எதிர்க்கட்சி ஒன்றியச் செயலாளர் முனிரத்தினம்! கண்ணப்பன் கொடி நட்டால் மறுநாளே பக்கத்தில் அதைவிட உயரமாக ஒன்று நடுகிற ஆள்.

"கரெக்டா சொன்னாருபா நம்ம கண்ணப்பன்!" என்று முழங்கினார் முனிரத்தினம். "ஐயா வூட்டுக்காரம்மா ராஜம்மா ஆயா போயி பன்னண்டு வருசமாவுது. இப்பத்தான் ஐயா அவங்களாண்ட போய்ச் சேந்துகீறாரு. மேல கீற அந்த மணமக்கள் வாழ்க! எல்லாரும் குந்துங்க!"

கூட்டம் மூக்கைச் சிந்தியது. பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கண்ணப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சமயம் பார்த்துக் கிண்டலா பண்ணுகிறான்? போதாததற்கு, கீழே முனிரத்தினத்தின் ஆள் ஒருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்து எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

காரில் ஏறியதும் டிரைவர் பேச்சிராஜிடம் கேட்டார். "எவ்ளோ நேரம்பா நின்னேன்?"

"இருவத்திரெண்டு நிமிசம் அண்ணாச்சி" என்றார் தென்காசிக்காரரான பேச்சிராஜ். "எனக்குக் காலே மரத்துப்போச்சு. ஒங்க மேலிடத்துக்காரரு, 'இப்படி ஒரு துக்கத்த நான் பாத்ததே இல்ல'ன்னு ஒரே அழுக."

"வந்து எழுப்பக் கூடாதா?"

"வந்தேம்லா! முனிரத்தினம் அண்ணாச்சிதான் கிட்ட வராதன்னு கண்ணக் காட்டிட்டாவ. ஒங்க பையில இருந்த போனையும் எடுத்து அணைச்சுட்டாவ."

எழுப்பிவிட்டால் வீடியோ பாதியில் நின்றுவிடுமே! கண்ணப்பனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

வீட்டுக்குப் போனவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு வாட்ஸ்அப் குழுவாகத் திறந்து திறந்து பார்த்தார். காலை வணக்கம் வந்தது, மஞ்சள் காமாலைக்கு மருந்து வந்தது. வீடியோ மட்டும் வரவில்லை. மறுபடியும் முதல் குழுவிலிருந்து ஆரம்பித்தார்.

சாயங்காலம் முனிரத்தினமே கூப்பிட்டார். தொண்டை கரகரவென்றிருந்தது.

"வீடியோ என்னாண்ட கீது கண்ணப்பா."

"தெரியும்யா. இன்னா வேணும் உனக்கு? நான் தேர்தல்ல நிக்கக் கூடாது, அதான?"

"அட, நீ நில்லு, நிக்காத, அது உன் இஷ்டம். உன் கொறட்ட வெளிய தெரியாம இருமி இருமி என் தொண்டையே பூட்ச்சி!"

கண்ணப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப வீடியோ எதுக்குய்யா எடுத்த?"

"நின்னுகினே எப்டித் தூங்குறதுன்னு பாத்துக் கத்துக்கத்தான்" என்றார் முனிரத்தினம். குரல் இறங்கிவிட்டது. "ஞாயித்துக்கெழம எங்க கட்சி சார்புல ஒரு இரங்கல் கூட்டம். தலைம நான்தான். நீ பக்கத்துல நின்னு என் தோளைப் புட்ச்சுக்கணும். உன்ன விட்டா எனக்கு யாரு கீறாங்க?"

கண்ணப்பன் டைரியை எடுத்துப் பிரித்தார்.

"வரேன்யா. செத்தது யாரு?"

"அது இன்னும் முடிவாவலபா. நீ தேதிய மட்டும் குறிச்சிக்க. நான் தூங்கி நாலு மாசமாவுது!"