பதினேழாம் எண் சட்டை

ஹ்யூவான் ஆற்றங்கரை ஊரின் பெண்கள் கால்பந்து அணியில், ஆட்டச் சட்டைகளை வாரம் ஒரு வீட்டார் துவைப்பது வழக்கம். கிளெனிஸின் முறை வந்த வாரத்தில், அவளுடைய சலவை இயந்திரம் நீரை வெளியேற்றாமல் பாதியில் நின்றுவிட்டது.

பக்கத்து ஊரிலிருந்து பழுது பார்க்க வந்த ட்ரெவர், அடியிலிருந்த வடிகட்டியைத் திருகி எடுத்தார். உள்ளே சேறு அடைத்திருந்தது.

“ஏம்மா, சட்டை துவைச்சீங்களா, மீன் பிடிச்சீங்களா?”

“மைதானத்துச் சேறுதான்.”

“மைதானத்துல ஆத்துப்பாசி எங்கேருந்து வந்துச்சு?”

சேற்றை அகற்றி மறுபடி ஓட்டினார். பிழியும்போது இயந்திரம் தடதடவென்று ஆடியது.

“பாரம் ஒரு பக்கமா சேர்ந்துபோச்சு. கனமானத வெளிய எடுங்க.”

கிளெனிஸ் எடுத்தாள். பதினேழாம் எண் சட்டை வந்தது. அவள் போட்ட சட்டைகளில் அது இல்லை.

அந்தச் சட்டையை அணிந்து ஆடிய டெஸ்ஸா, சென்ற ஆண்டு இறுதியாட்டத்துக்கு வரவில்லை. “குடிச்சிட்டுத் தூங்குறா, வேற என்ன?” என்று கிளெனிஸ் உரக்கச் சொன்னாள். அணியே சிரித்தது. டெஸ்ஸாவின் கார் அப்போது ஆற்றுக்குள் கிடந்தது. இந்தச் சட்டையை அணிவித்துத்தான் அவளைப் புதைத்தார்கள்.

“யாரோடது?” என்றார் ட்ரெவர்.

“எங்க டீமோடதுதான்.”

சட்டைகளைக் கொடியில் உலர்த்தினாள். மாலைக்குள் மற்றவை காய்ந்தன. பதினேழாம் எண் சட்டையிலிருந்து மட்டும் நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. பயிற்சிக்குப் போன பெண்கள் வேலியருகே நின்று எண்ணைப் பார்த்தார்கள். பிறகு கிளெனிஸைப் பார்த்தார்கள்.

ஒருத்தியும் சிரிக்கவில்லை.