புடவையில் கட்டிய பரிசு

"கத்தரிக்கோலைக் கீழே வைங்க! இந்தப் புடவையில ஒரு நூல்கூட அறுபடக் கூடாது."

கடைக்காரி திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். பரிசுப் பொருள்களை ஜப்பானியர் முறையில் துணியில் கட்டிக் கொடுக்கும் கடை அது. காகிதம் கிடையாது, டேப் கிடையாது, மடிப்பும் முடிச்சும்தான். அதற்கென்றே அளவெடுத்துத் தைத்த சதுரத் துணிகள் அலமாரி நிறைய இருந்தன. வந்தவளோ அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தான் கொண்டுவந்த அரக்கு நிறப் பட்டுப்புடவையையும் ஒரு தகர டப்பாவையும் மேஜைமேல் பொத்தென்று போட்டு, "இதுல இதைக் கட்டுங்க" என்றாள்.

"இவ்வளவு நீளத்தை வெட்டாம எப்படிக்கா?"

"சதுரமா மடிச்சுக்கோங்க. முழுசாப் போய்ச் சேரணும்."

"பார்த்தா கல்யாணப் புடவை மாதிரி இருக்கே?"

"கல்யாணப் புடவையேதான். அந்தப் படுபாவியோட நடந்த கல்யாணத்துக்கு எடுத்தது. டப்பாவுல இருக்கற வளையலும் ஜிமிக்கியும் பொறந்த வீட்டுல போட்டது. எல்லாத்தையும் பிடுங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டான். திருப்பிக் கேட்டதுக்கு முகத்துல அடிச்ச மாதிரி கதவைச் சாத்தினான். இன்னிக்குப் பூட்டை உடைச்சுட்டேன்!"

"நல்லா பண்ணீங்க!" கடைக்காரிக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. "இப்ப இது யாருக்கு?"

"கல்யாணப் பொண்ணுக்கு. சாயங்காலம் கல்யாணம்."

மடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"அவளுக்கா? அவளுக்குப் போய் இதையா?"

"அவ மேல என்ன தப்பு? எல்லாம் அவனால வந்தது. குடி, அடி, ஊர் மேயறது... ஒண்ணு பாக்கியில்ல. ஏன்டான்னு கேட்க வீட்டுல ஒரு ஆம்பளைக்குத் துப்பில்ல."

"ஜப்பான்ல பரிசை மட்டும் எடுத்துக்கிட்டு, துணியைக் கொடுத்தவங்ககிட்டயே திருப்பிக் குடுக்கறதும் உண்டுக்கா. புடவையையாவது கேட்டு வாங்கிடுங்க."

"எதுக்கு? உடுத்தட்டும், இல்ல கொளுத்தட்டும். அது அவ இஷ்டம்!"

முகம் தெரியாத அந்த மனிதனின் கழுத்தை நெரிப்பதுபோல் புடவையின் இரண்டு முனைகளையும் இழுத்து முடிச்சுப் போட்டாள் கடைக்காரி. பட்டு வழுக்கியது.

"இங்க விரலை வைங்கக்கா."

வந்தவள் முடிச்சின்மேல் விரலை அழுத்தியபோது, மேஜைமேல் இருந்த அவளுடைய போன் அலறியது. எட்டிப் பார்த்தவளின் முகம் சிவந்தது.

"அவன்தான். ஸ்பீக்கர்ல போடுங்க."

கடைக்காரிக்கும் அதுதான் வேண்டியிருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அவனை நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும். பொத்தானை அமுக்கிவிட்டு வாயைத் திறந்தாள். அதற்குள் அவனே கத்த ஆரம்பித்துவிட்டான்.

"அம்மா! பூட்டை உடைச்சது நீதானா? என்னை விட்டுட்டு எவனையோ கட்டிக்கப் போறவளுக்கு நீ எதுக்கும்மா..."

"வாயை மூடுடா!" என்று வந்தவள் போட்ட அதட்டலில் போன் அடங்கிப்போனது. கடைக்காரியின் பக்கம் திரும்பினாள்.

"சீக்கிரம் இறுக்குங்கம்மா. என் மருமக கல்யாணத்துக்கு நேரமாச்சு."