காக்கைக்குத் தெரிந்த தலை

டிஷ் ஆன்டெனாவை மறைக்கிறது என்று வேப்பங்கிளையை வெட்டியவன் தணிகாசலம். கிளையோடு ஒரு காக்கைக் கூடும் விழுந்தது. அன்றிலிருந்து அவன் வாசலில் தலையை நீட்டினால் போதும், அந்தக் காக்கை பறந்து வந்து உச்சியில் கொத்தும். ஐந்து நிமிடம் பின்னால் பிறந்த அருணாசலம் அதே முகத்தோடு அதே வாசலில் நின்று பல் துலக்குவான். அவனைச் சீண்டவே சீண்டாது. தம்பியின் சட்டையைப் போட்டுப் பார்த்தான் தணிகாசலம். தம்பியைப் போலவே வகிடு மாற்றிச் சீவிப் பார்த்தான். கொத்து நிற்கவில்லை. கடைசியில், பிடித்த சனி விலகட்டும் என்று இருவரும் திருத்தணிக்குப் போய் மீசையையும் சேர்த்து மொட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

காக்கை குழம்பவில்லை. தணிகாசலத்தின் மனைவி மங்கையர்க்கரசிதான் குழம்பினாள். கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்து அவள் ஆசை ஆசையாகத் தடவிவிட்ட தலை கொழுந்தனுடையது. "அண்ணி, நான் அருணாசலம்" என்று அவன் வாய் திறப்பதற்குள் பாதித் தலை முடிந்திருந்தது.

மறுநாள் காலை அவள் மதில்மேல் காக்கைக்குச் சோறு வைத்தாள், நெய் விட்டு.

"என் மண்டையக் கொத்துற சனியனுக்கு நெய்ச்சோறா? கல்லெடுத்து வெரட்டுவியா!" என்று கத்தினான் தணிகாசலம்.

"இருக்கட்டும்ங்க. வாயில்லா ஜீவன்."

மாலையில் இரண்டு மொட்டைகள் தெருமுனையில் திரும்பின. மங்கையர்க்கரசி காப்பி டம்ளரோடு வாசலில் நின்று, அவர்களைப் பார்க்காமல், வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.