பூச்சுக்குள் ஒரு முடி

விரல் அகல மர ரீப்பர்களை ஒன்றோடொன்று ஒட்டி, இருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் கயாக் படகொன்றை வீட்டு முன்னறையிலேயே கட்டினார்கள் இன்பராஜும் அவன் மனைவி மெர்சலினும். கடைசிப் பூச்சாக, காய்ந்தால் கண்ணாடி போல் இறுகும் ரெசின் பிசினைத் தடவும்போது, குனிந்திருந்த அவள் தலையிலிருந்து ஒரு முடி உதிர்ந்து ஒட்டிக்கொண்டது. "கொண்ட போடுன்னு எத்தன வாட்டி சொல்லுதேன்!" என்று எரிந்து விழுந்தான். "காஞ்சதும் உப்புத்தாள் போட்டுத் தேச்சா போயிரும். இதுக்குப்போயி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிடுதீய" என்று சிரித்தாள். ரெசின் காய்ந்தது. தேய்ப்பதற்குள் அவள் காய்ச்சலில் படுத்தாள். எழுந்திருக்கவே இல்லை.

அவள் சேலைகளை அவள் அம்மா வந்து அள்ளிக்கொண்டு போனாள். சீப்பைக்கூட யாரோ கழுவி வைத்துவிட்டார்கள். அந்த முடி மட்டும் படகின் மூக்கருகே, கண்ணாடி போன்ற பூச்சுக்குள் லேசாக வளைந்து கிடந்தது. காலையில் இன்பராஜ் காப்பியை எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் போய் உட்காருவான். யாரிடமும் சொன்னதில்லை.

லீவுக்கு வந்திருந்தான் அவள் தம்பி ரூபன். இன்பராஜ் கடைக்குப் போய்த் திரும்பியபோது, உப்புத்தாளும் கையுமாக, உடம்பெல்லாம் மாவு மாதிரித் தூசியோடு ரூபன் நின்றான். "அக்கா ஆசப்பட்டதுல்லா அத்தான். பாதியில கெடக்கப்படாதுன்னு முழுக்கத் தேச்சிட்டேன். ஒரு முடிகூட ஒட்டிக் கெடந்துச்சு. சுத்தமா எடுத்தாச்சு."

இன்பராஜ் படகின் மூக்கைத் தடவிப் பார்த்தான். வழவழவென்று இருந்தது. ரூபன் தூசி படிந்த சட்டையை உதறக் கையைத் தூக்கினான்.

"ஒதறாதல!" என்று கத்தி, அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டான் இன்பராஜ்.