எழுதுகிறவன்

நாடாளுமன்றத்தில் தான் பேசிய பேச்சின் அச்சுப்படி திருத்தத்துக்கு வந்தபோது, எதிர்க்கட்சி உறுப்பினர் சோதிநாதன் ஒரேயொரு சொல்லைத்தான் வெட்டினார். போரின் கடைசி நாளில் இராணுவத்திடம் கையளித்த மகனைப் பதினைந்து வருஷமாகத் தேடும் இராசமலரைப் பற்றிய பேச்சு அது. மகனின் மை அப்பிய பள்ளிக்கூடக் கொப்பியைச் சோதிநாதனிடம் விரித்துக் காட்டி, "இவன் இடக்கையால எழுதுறவன்" என்று அந்தத் தாய் சொல்லியிருந்தார். சபைக்கேற்ற தமிழாக இருக்கட்டுமென்று இவர் அதை "இடக்கையால் எழுதியவன்" என்று ஆக்கிவிட்டார். பேச்சை வானொலியில் கேட்ட இராசமலர் அம்மா விடியவே போனில் அழைத்தார்.

"வடிவாத்தான் கதைச்சனீங்கள், தம்பி. ஆனா நான் எழுதுறவன் எண்டெல்லோ சொன்னனான்? நீங்கள் ஏன் அவனை முடிச்சு வைச்சனீங்கள்?"

அமைச்சர்களைக் கேள்வி கேட்டே திணறடிக்கிற மனுஷன், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா" என்று மட்டும் சொன்னார். பிறகு 'எழுதியவன்' மேல் கோடிழுத்து, 'எழுதுகிறவன்' என்று எழுதி அனுப்பினார்.

மத்தியானம், சபைப் பேச்சுகளைப் பதிவுசெய்து அச்சிடும் ஹன்சாட் பிரிவிலிருந்து ஒரு பெண் அழைத்தாள்.

"சேர், எழுத்துப் பிழையைத் திருத்தலாம். கருத்தை மாத்த ஏலாது. இது எது?"

"எழுத்துப் பிழைதான் பிள்ளை. என்ர பிழை."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அடுத்த பக்கத்தில 'புட்டும் மாம்பழமும் விரும்பிச் சாப்பிட்டான்' எண்டு கிடக்கு சேர். அதுவும் எழுத்துப் பிழைதானே?"