இரண்டு பஸ் போன பிறகு

“நீங்க வரலாம்ப்பா. ஆனா கடைசி வரிசை. வாயே திறக்கக் கூடாது.”

மகள் போட்ட நிபந்தனை அது. அதனால் நூலகத்தின் மேல்மாடி அறையில், கடைசி வரிசையில், கைகளைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குச் சுலபமான காரியமில்லை. துணி துவைக்கும் மெஷின் விற்கும் கடையில் பதினெட்டு வருடமாக விற்பனையாளன். வருகிறவர் “எங்க வீட்டுல வந்து...” என்று இழுப்பதற்குள், “ஆறு பேரு, தண்ணி மெதுவா வரும், உங்களுக்கு இதுதான் சரி” என்று முடித்துவைத்துவிடுவேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

“நீ எழுதிக் குடுத்துடு, நான் வாசிச்சுடறேன்” என்று முந்தின நாள் மகளிடமும் சொல்லிப் பார்த்தேன். முறைத்தாள். அவள் அம்மா, “பேசாம நீங்க வீட்டுலயே இருங்க” என்றாள். வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை. பெற்றோர் வரிசைகளுக்கு முன்னால், வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் பன்னிரண்டு பிள்ளைகள். எல்லாருக்கும் பதினாலு, பதினைந்து வயது. எல்லார் மடியிலும் ஒரே காதல் நாவல். அட்டையில் ஒரு பையனும் பெண்ணும் ஒரே குடைக்குள்.

நூலகர் விதியைச் சொன்னார். ஆளுக்கு இரண்டு நிமிடம். பிடித்ததா, இல்லையா, ஏன். நேரம் முடிந்தால் மேசைமேல் இருக்கும் மணியை அடிப்பார். கடைசியில் ஓட்டெடுப்பு. ஜெயித்தால் புத்தகம், ‘எங்கள் வயதுக்காரர்கள் படிக்கலாம்’ என்ற அலமாரிக்குப் போகும்.

கண்ணாடி போட்ட நெட்டைப் பெண் ஆரம்பித்தாள். “கதாநாயகி மழையில நனையாத அத்தியாயமே இல்ல. அட்டையில இருக்கற குடைய உள்ளயும் குடுத்திருக்கலாம்.”

அரும்பு மீசைக்காரன் ஒருவன், அக்காவுக்காகத்தான் எடுத்தேன், சும்மா புரட்டிப் பார்த்தேன் என்றான்.

“மூணு தடவை எடுத்திருக்கியே?” என்றார் நூலகர்.

அறையே சிரித்தது. அவன் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டான்.

அடுத்து என் மகள்.

உட்கார்ந்தே பேசலாம் என்று சொல்லியிருந்தார்கள். எழுந்து நின்றாள்.

கோத்திருந்த என் விரல்கள் ஒன்றையொன்று நெரித்தன.

அவள் சொன்னது இதுதான்:

“கதாநாயகன் ரொம்ப அழகு, ரொம்ப போர். பாதிக் கதைக்கு அவன் தலைமுடியத்தான் வர்ணிச்சிருக்காங்க. ஆனா எண்பத்திரண்டாம் பக்கத்துல, பஸ் ஸ்டாப்புல, அவ ஒரு விஷயம் சொல்றதுக்கு வார்த்தை தேடறா. ரெண்டு பஸ் போயிடுது. அவன் எடுத்துக் குடுக்கல, முடிச்சு வைக்கல, அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் நிக்கிறான். அந்த ஒரு பக்கத்துக்காக இந்தப் புத்தகம் எனக்குப் பிடிச்சிருக்கு. எங்க அப்பாவா இருந்தா, ஒரு சைக்கிள் போறதுக்குள்ள முடிச்சு வெச்சிருப்பாரு.”

நடுவில் ஒருமுறை நூலகரின் கை மணிப் பக்கம் போனது. தொடாமல் திரும்பி வந்தது.

பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டு மூன்று பேர் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. கடையில் அவளுக்கு வேண்டியதைக் கேட்பது நான். டாக்டரிடம் எங்கே வலி என்று சொல்வது நான். உறவுக்காரர்கள் என்ன படிக்கிறாய் என்று அவளைக் கேட்டால் பதில் சொல்வது நான். எல்லாம் ஒத்தாசை என்று நினைத்துத்தான் செய்துவந்தேன்.

யாரும் கைதட்டவில்லை. தட்டிவிடுவார்களோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன்.

நெட்டைப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நான் ஒத்துக்க மாட்டேன். ஒரு பக்கத்துக்காக இருநூறு பக்கத்த மன்னிக்க முடியுமா?”

“மன்னிக்க வேணாம். அந்த ஒண்ண மட்டும் கிழிச்சு வெச்சுக்கோ” என்றாள் என் மகள்.

“ஐயையோ!” என்று நூலகர் தன் கையிலிருந்த பிரதியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

அதன்பிறகு ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். காத்திருப்பது காதலா, வெறும் மரியாதையா என்று ஒரு சண்டை. மரியாதை இல்லாமல் காதல் எதற்கு என்று இன்னொரு சண்டை. அரும்பு மீசை என் மகள் பக்கம். எண்பத்திரண்டாம் பக்கத்தை எல்லாரும் மறுபடி புரட்டினார்கள்.

ஓட்டெடுப்பில் ஏழுக்கு ஐந்து என்று புத்தகம் தோற்றது. மகள் முகத்தில் தோற்ற களையே இல்லை. நெட்டைப் பெண்ணோடு இன்னும் வாதாடிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து நாற்காலி அம்மா என் பக்கம் சாய்ந்தார். “அந்தப் பொண்ணு உங்க பொண்ணா?”

“ஆமாங்க. என் பொண்ணு.”

முன்வரிசை வரைக்கும் கேட்டிருக்க வேண்டும்.

மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே திக்கும். அந்த ஏழு வாக்கியங்களைச் சொல்லி முடிக்க அவளுக்கு எட்டு நிமிடம் ஆயிற்று. மற்ற பதினொரு பிள்ளைகளும் அவ்வளவு நேரமும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அவள் தடுக்கி நின்ற ஒவ்வொரு சொல்லும் என் நாக்கு நுனிவரை வந்து நின்றது. ஒன்றைக்கூட நான் எடுத்துக் கொடுக்கவில்லை.