குடை பிடிக்கிற கை

பிசியோதெரபிஸ்ட் ஜீவிதாவுக்குக் கோமளாவைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. புருஷன் வரதனின் தோள்வலிப் பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பட்டையை மூன்றாம் முறையாகத் தொலைத்திருந்தாள்.

“கருட சேவையில பெருமாளுக்குக் குடை புடிக்கிற கைம்மா! ஆறு மாசமா தூக்க முடியாம கெடக்குறாரு. உங்களுக்கு அக்கறையே இல்லியா?”



“அவ அப்படித்தான், டாக்டரம்மா” என்றார் வரதன்.

அன்றிலிருந்து ஜீவிதாவே தினமும் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்தாள். மூன்றாவது வாரம், சுவரில் விரல்களால் படிப்படியாக ஏறிய வரதனின் கை, வலியே இல்லாமல் தலைக்கு மேலே போய் நின்றது.

“பாத்தியாடி!” ஓங்கிய கையோடு மனைவி பக்கம் திரும்பினார்.

கோமளா முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டு மூலையில் ஒடுங்கினாள்.

வரதன் சிரித்தான்.

“இப்ப இல்லடி. டாக்டரம்மா போவட்டும்.”